ஓவியரைப் பற்றி எழுதித் தரட்டுமா?

"சோழமண்டலம் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரட்டுமா?" ஒரு பண்பாட்டு இதழில் கலைப் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு வருகிற கடிதங்களில் முக்கால்வாசி இந்த ரகம்தான். தாருங்கள், யார் வேண்டாமென்றது? ஆனால் சென்னையை அடுத்த ஓவியர் கிராமமான அந்தச் சோழமண்டலத்தில் எதை எழுதப்போகிறீர்கள்? 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் மற்ற ஓவியர்களும் கடற்கரையோரம் நிலம் வாங்கிய கதை பலமுறை அச்சேறிவிட்டது. அவர்கள் மெழுகு பூசிச் சாயமேற்றிய பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் விற்று, அந்தக் காசில் வயிற்றைக் கழுவிக்கொண்டு, யார் தயவும் இல்லாமல் வரைந்தார்களே, அதை இன்று கேலரிகளின் அழைப்புக்குக் காத்திருக்கும் ஓர் இளம் ஓவியரின் வரவு செலவோடு வைத்துப் பார்க்கிறேன் என்று நான்கு வரி எழுதுங்கள். உடனே சம்மதம் சொல்லிவிடுவேன்.

அடுத்த தொல்லை, கண்காட்சிக் கையேட்டின் நடை. 'மரபும் நவீனமும் முயங்கும் வெளி' என்று தொடங்கும் கடிதத்தில் ஓவியரின் பெயரை மாற்றிப் போட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது. ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான கொச்சி பினாலேயில், 2014இல், பழைய சரக்குக் கிடங்கான பெப்பர் ஹவுஸில் பெனிதா பெர்சியால் வைத்த சிற்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துவும் சீடர்களும், உடம்பெல்லாம் சாம்பிராணி, வெள்ளைப்போளம், இலவங்கப்பட்டை. நறுமணச் சரக்கைத் தேடிக் கப்பல்கள் வந்த கரையில், அந்தச் சரக்கிலேயே செய்த இயேசு! இதைச் சொல்ல முயங்கவும் வேண்டாம், வெளியும் வேண்டாம். என்ன பொருள், என்ன வாசனை, எந்த இடம் என்று எழுதினாலே ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார்.

காலக்கணக்கும் இருக்கிறது. சென்னையில் பல கண்காட்சிகள் ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடும். மாத இதழ் கடைக்கு வரும்போது சுவரில் ஆணிதான் மிச்சம். ஆகவே 'சென்று பாருங்கள்' வகைக் கட்டுரை எங்களுக்கு ஆகாது. கண்ணாடிச் சட்டத்தில் டியூப்லைட்டும் உங்கள் கைப்பேசியும் சேர்ந்து தெரியும் புகைப்படமும் ஆகாது. ஓவியரிடமே நல்ல படத்தையும் அனுமதியையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பத்திரிகைக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். ஓவியர் ஆதிமூலத்தின் கோட்டோவியங்களை அட்டையில் போட்டுப் பெருமைப்பட்ட சிற்றிதழ் உலகம், கவிதைக்கு ஒதுக்கிய பக்கங்களில் பத்தில் ஒரு பங்கையாவது ஓவியம் பற்றிய எழுத்துக்குத் தந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். நான் முன்பு எழுதிய ஓர் இதழ், ஓவியரிடம் படத்தையும் என்னிடம் கட்டுரையையும் இனாமாக வாங்கிக்கொண்டு, பிரதியைக்கூடக் காசு கொடுத்து வாங்கச் சொன்னது. அதனால் முதல் கடிதத்திலேயே சன்மானம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். எங்கள் இதழ் தருவதும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நாலு பேர் கேட்டால்தான் நானும் உரிமையாளரிடம் வாய்திறக்க முடியும்.