ஸ்டார்ஷிப் பூஸ்டரைப் பிடித்த வீடியோ ரிவர்ஸில் ஓட்டியதா?

அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஏவுதளக் கோபுரம், ஸ்டார்ஷிப் ராக்கெட்டின் கீழ்ப்பகுதியான பூஸ்டர் திரும்பி இறங்கும்போது அதைப் பிடிக்கும் வீடியோ, ஏவிய காட்சியைப் பின்னோக்கி ஓட்டியதுதான் என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. அது தவறு.

2024 அக்டோபர் 13 அன்று, டெக்சாஸின் போகா சிகாவில் நடந்த ஸ்டார்ஷிப்பின் ஐந்தாவது சோதனையில்தான் சூப்பர் ஹெவி எனப்படும் இந்த பூஸ்டர் முதன்முறையாகப் பிடிக்கப்பட்டது. ஏவி ஏறக்குறைய ஏழு நிமிடத்தில் திரும்பிவிட்டது.

வீடியோவையே கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கிளம்பும்போது பூஸ்டரின் தலைமேல் ஸ்டார்ஷிப் விண்கலம் இருக்கும், மொத்த உயரம் 120 மீட்டருக்கும் மேல். இறங்குவது சுமார் 71 மீட்டர் பூஸ்டர் மட்டுமே. கிளம்பும்போது 33 எஞ்சின்களும் எரியும். பிடிபடும் நேரத்தில் நடுவிலுள்ள மூன்றுதான். ரிவர்ஸ் வீடியோ என்றால் புகை எஞ்சினுக்குள்ளே திரும்பிப் போக வேண்டுமே! இங்கே அது வெளியேதான் பரவுகிறது. தவிர, பக்கத்து சவுத் பாட்ரே தீவில் கூடியிருந்த மக்கள் இதை நேரிலேயே பார்த்தார்கள்.

ஒவ்வொரு முறையும் பிடித்துவிட்டார்கள் என்பதும் சரியல்ல. அதே ஆண்டு நவம்பர் 19 சோதனையில் பிடிக்கும் முயற்சியைக் கைவிட்டு, பூஸ்டரைக் கடலில் இறக்கினார்கள். 2025 ஜனவரி 16 அன்று பூஸ்டர் பத்திரமாகப் பிடிபட்டது, ஆனால் மேல்நிலை விண்கலம் வானிலேயே சிதறியது.