ஏலியன் வீடு, கட்டணம் 50 ரூபாய்

(தாண்டிக்குடிக்குக் கொஞ்சம் கீழே ஒரு காப்பித் தோட்டம். தோட்டத்து ஓரத்தில் பழைய கல்திட்டை ஒன்று: மூணு பக்கம் பலகைக்கல் நட்டு, மேலே ஒரு கல் மூடியிருக்கும். மழை வந்தால் ஆடுகள் அதற்குள்தான் ஒதுங்கும். மாமா எஸ்டேட்டில் முப்பது வருஷம் செக்ரோல், அதாவது வேலையாட்களின் வருகைப் பதிவேடு, எழுதி ரிட்டயர் ஆனவர். மாப்ள கொடைக்கானலில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறான்.)

மாப்ள: மாமா, உங்க தோட்டத்து ஓரமா ஒரு போர்டு வைக்கணும். செலவு பூராம் என்னுது.

மாமா: என்ன போர்டு?

மாப்ள: 'ஏலியன் வீடு. நுழைவுக் கட்டணம் 50 ரூபாய்.'

மாமா: அந்தக் கடப்பாரைய எடு.

மாப்ள: கோவப்படாதீங்க மாமா!

மாமா: கோவம் இல்லடா. லாரிக்காரன் இந்தப் பலகைக்கல்ல வழியிலயே இறக்கிப் போட்டுட்டுப் போயிட்டான். ஓடைக்குக் குறுக்க போடணும். மழைக்காலத்துல உங்க அத்தை முழங்கால் தண்ணிக்குள்ள இறங்கித்தான் கோழிக்கூட்டுக்குப் போறா. பேசிக்கிட்டே தள்ளுவோம், வா.

மாப்ள: இதையா? ஆறடி நீளம், மூணடி அகலம், அரையடி கனம். எழுநூறு கிலோ தேறும் மாமா. ஜேசிபிக்குச் சொல்லுங்க.

மாமா: ஜேசிபி உள்ள வந்து போனா பாலம் மட்டும்தான் மிஞ்சும். காப்பிச் செடி ஒண்ணு இருக்காது.

மாப்ள: அதத்தான் மாமா நானும் சொல்றேன்! இந்தக் கல்லையே நம்மளால அசைக்க முடியல. அந்தா, திட்டை மேல கிடக்குது பாருங்க, அது இதவிடப் பெருசு. அந்தக் காலத்துல எவன் தூக்கியிருப்பான்?

மாமா: போன சீசன்ல இதையே குள்ளன் கட்டுன வீடுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச.

மாப்ள: பேத்துப்பாறையில இருக்கிறத எல்லாரும் குள்ளர் குகைன்னுதான சொல்றாங்க. நானும் சொன்னேன். இப்பக் குள்ளனுக்கு மவுசு போச்சு. வர்ற பார்ட்டி பூராம் யூடியூப் பாத்துட்டு வருது. ஏலியன்னு சொன்னா டிப்ஸ் எறநூறு.

மாமா: குள்ளன்னா?

மாப்ள: ஐம்பது.

மாமா: செத்தவங்களுக்கு வச்ச கல்லு, வச்சவங்க இந்த மலையில இருந்த சனங்கதான்னு உள்ளதச் சொன்னா?

மாப்ள: 'பைன் காட்டுக்கு வண்டிய விடுங்கண்ணே'ங்கிறான்.

மாமா: செண்பகனூர் சர்ச் சாமியாருங்க ரெண்டு பேரு, ஆங்லாட், நியூட்டன்னு, இந்த மலை பூராம் ஏறி இறங்கி ஒவ்வொரு திட்டையா அளந்து எழுதி வச்சாங்க. 1928-ல தொல்லியல் துறையே அத அச்சுப் போட்டிருக்கு. நம்ம தாண்டிக்குடியில தோண்டுனப்ப என்ன வந்துச்சு?

மாப்ள: பானை.

மாமா: அப்புறம்?

மாப்ள: பாசிமணி.

மாமா: அம்புட்டுத் தூரம் பறந்து வந்தவன் பானையும் பாசிமணியும்தான் கொண்டாந்தானா? பழனி அடிவாரத்துல கடை போட வந்தவன் மாதிரியில்ல இருக்கு. சரி, கடப்பாரை நுனியக் கல்லுக்கு அடியில விடு. இந்தச் சின்னக் கல்ல அண்டக் குடு. இப்ப அந்தக் கடைசியில அமுக்கு.

மாப்ள: ம்ம்... மாமா! எந்திரிச்சிருச்சு மாமா!

மாமா: கத்தாத. விட்டா கால்ல விழும். நான் தைலமரக் கட்டையச் சொருகுறேன். ஆங். அடுத்த பக்கம் வா.

(பத்து நிமிஷத்தில் கல்லுக்கு அடியில் மூன்று உருட்டுக்கட்டைகள். கல் ஒரு முழம் நகர்கிறது. மாப்ளைக்கு மட்டும் மூச்சு வாங்குகிறது.)

மாப்ள: இது சின்னக் கல்லு, நகருது. பிரமிடு? இருபது லட்சம் கல்லுக்கு மேல மாமா!

மாமா: மதுரையில தொல்லியல் படிக்கிறாளே உன் மாமன் மக, லீவுக்கு வந்தா வாய் ஓயாது. அவ ஒரு படம் காட்டுனா. எகிப்துல ஒரு கல்லறைச் சுவத்துல வரைஞ்சது. பெரிய சிலை ஒண்ணச் சறுக்குக் கட்டையில ஏத்தி 172 பேரு கயிறு போட்டு இழுக்குறாங்க. ஒருத்தன் முன்னால நின்னு மணல்ல தண்ணி ஊத்துறான்.

மாப்ள: பூசையா இருக்கும்.

மாமா: படிச்சவங்களும் ரொம்ப நாளு அப்படித்தான் நெனச்சாங்களாம். 2014-ல ஆம்ஸ்டர்டாம்ல சோதிச்சுப் பாத்திருக்காங்க. மணல அளவா நனைச்சா, இழுக்குற பலம் பாதி போதும். கூடப் போனா சேறு, குறைஞ்சா முன்னால மணல் குமியும். அந்தப் பதம் தெரிஞ்சவன்தான் ஊத்தியிருக்கான்.

மாப்ள: மத்த எல்லாரும் இழுக்குறாங்களா?

மாமா: ஒருத்தன் மட்டும் சிலை மடியில ஏறி நின்னு கை தட்டுறான். தாளத்துக்கு.

மாப்ள: அவனுக்கும் கூலி உண்டா?

மாமா: ஏன் கேக்குற?

மாப்ள: அந்த வேலைய நான் பாக்குறேன் மாமா, நீங்க தள்ளுங்க.

மாமா: தள்ளுடா! பின்னால வர்ற கட்டைய எடுத்து முன்னால வை. பிரமிடுக்குப் படகுல சுண்ணாம்புக்கல்லு ஏத்துன மேஸ்திரி ஒருத்தன், மேரர்னு பேரு, எழுதுன நாட்குறிப்பே 2013-ல கெடச்சிருக்கு. நாலாயிரத்து ஐநூறு வருஷத்துப் பழசு. கல்லு ஏத்துனோம், போனோம், ராத்திரி இன்ன எடத்துல தங்குனோம். அம்புட்டுதான். தட்டு பறந்துச்சுன்னு ஒரு வரி கிடையாது.

மாப்ள: மேலிடத்துல சொல்ல வேணாம்னு சொல்லியிருப்பாங்க.

மாமா: உனக்கு என்ன சொன்னாலும் ஒரு சந்து இருக்கும். இதக் கேளு. எகிப்து ராஜாக்களுக்கு மலையக் குடைஞ்சு கல்லறை வெட்டுன ஆளுங்களோட செக்ரோல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. மூவாயிரத்துச் சொச்சம் வருஷம். எவன் என்னைக்கு வரல, ஏன் வரலன்னு பேரோட. ஒருத்தனுக்குத் தேளு கடிச்சிருச்சு. ஒருத்தனுக்குக் கண்ணு வலி. ஒருத்தன் பீர் காய்ச்சப் போயிட்டான்.

மாப்ள: பீர் காய்ச்சவா? அதுக்கு லீவா?

மாமா: அதப் பாத்தப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சுடா. முப்பது வருஷம் எழுதுனவன் நான். நம்ம ஆளு ஒருத்தன் ஒரே வருஷத்துல மூணு வாட்டி காட்டுமாடு வழி மறிச்சதுன்னு எழுத வச்சான். மூணும் திங்கக்கிழமை. ஏலியன் கட்டியிருந்தா எதுக்குடா லீவுக் கணக்கு? மூணாம் ராம்செஸ் ராஜா காலத்துல கூலித் தானியம் வரலைன்னு வேலைய நிறுத்திட்டுப் போயி உக்காந்திருக்காங்க. ஏலியனா இருந்தா லேசர எடுத்துல்ல காட்டியிருப்பான்.

மாப்ள: அப்ப இந்தக் கதைய எவன்தான் கெளப்பி விட்டது?

மாமா: 1968-ல எரிக் வான் டானிக்கன்னு ஒருத்தர் புத்தகம் போட்டு ஊரெல்லாம் பரப்புனாரு. சுவிட்சர்லாந்துல ஓட்டல் மேனேஜர்.

மாப்ள: ஓட்டல் மேனேஜரா! அப்பச் சீசன்னா என்னன்னு தெரிஞ்ச ஆளு.

மாமா: இந்த ஏலியன் எகிப்துக்குப் போறான், பெருவுக்குப் போறான், நம்ம பக்கம் வாறான். பாரிஸ்ல அம்புட்டு உசரக் கல்லுச் சர்ச்சு இருக்கே, அதுக்கு வேலைக்குப் போகலையே? வெள்ளைக்காரன் ஊருல மட்டும் மேஸ்திரி கெட்டிக்காரன், நம்ம ஊருன்னா மேல இருந்து ஆளு வரணுமா?

மாப்ள: தஞ்சாவூர் பெரிய கோயிலும் ஏலியன்னுதான் ஒரு வீடியோவுல...

மாமா: நீ என்ன சொல்லுவ?

மாப்ள: அதெப்படி மாமா! அது ராஜராஜன் கட்டுனது. எவனாச்சும் சொன்னா வாயிலயே போடுவேன்.

மாமா: எப்படித் தெரியும்?

மாப்ள: கல்வெட்டு இருக்குல்ல!

மாமா: ஆங். 1010-ல முடிச்சான். நானூறு ஆடல் பெண்களுக்கு எந்தத் தெருவுல எத்தனாவது வீடுங்கிற வரைக்கும் வெட்டி வச்சிருக்கான். கட்டுன தச்சன் பேரு, குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன், அதுவும் கல்லுல இருக்கு. இந்தத் திட்டைய வச்சவன் பேர எழுதி வைக்கல. எழுதி வைக்காதவன் உழைப்ப எவன் வேணா எவன் பேருல வேணா எழுதிக்கலாம், அப்படித்தான? நெம்பு, நெம்பு. ஓடை வந்திருச்சு. மெதுவா. விடு!

(டங்கென்று கல் ஓடைக்குக் குறுக்கே உட்காருகிறது. மாப்ள அதன்மேல் ஏறி இரண்டு குதி குதித்துப் பார்க்கிறான். போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போடுகிறான்.)

மாப்ள: 'நானும் மாமாவும் தூக்கிப் போட்ட பாலம்.' போட்டாச்சு. கை பூராம் கொப்புளம் மாமா. பாருங்க, அதுக்குள்ள பதில் வருது.

மாமா: என்ன சொல்றாங்க?

மாப்ள: சித்தப்பா கேக்குறாரு, 'ஜேசிபி மணிக்கு எவ்வளவு?'

மாமா: ம்.

மாப்ள: என் வீட்டுக்காரி போட்டிருக்கா. 'காலி சிலிண்டரத் தூக்கச் சொன்னா இடுப்பு வலிங்கிறவரு எழுநூறு கிலோ கல்லத் தூக்குனாராக்கும்.'

மாமா: சரிதான்.

மாப்ள: மச்சான் போட்டிருக்கான். 'எடிட்டிங் சூப்பர். எந்த ஆப்?' மாமா, என்ன மாமா இது! ரெண்டு மணி நேரம் நாய் மாதிரி தள்ளியிருக்கேன். நம்ம வீட்டு ஆளுங்களே நம்ப மாட்டேங்கிறாங்க!

மாமா: போர்ட எங்க நடலாம்? இங்கயா, திட்டைகிட்டயா?

மாப்ள: போர்டு கிடக்குது. வீட்டுல உளி இருக்கா மாமா?

மாமா: எதுக்கு?

மாப்ள: பாலத்து ஓரத்துல எம் பேர வெட்டணும். தேதியோட.

மாமா: என் பேரு?

மாப்ள: வெட்டுறேன், வெட்டுறேன். கூட நின்னு கை தட்டுனதுன்னு.