120 நிமிடம் பெரியவர்களின் கணக்கு
வாரம் 120 நிமிடம் இயற்கையோடு இருந்தால் பிள்ளைகளுக்குப் போதும் என்கிறது நான் வாசித்த ஒரு கட்டுரை. அது 2019இல் வெளியான ஆய்வின் கணக்கு. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பெரியவர்களிடம் கேட்டது. பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. என் மகள் ரியூசன் முடிந்து வரும்போது கொழும்பு வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தில் நின்று கபரகொய்யா (நீர் உடும்பு) பார்ப்பாள், மிஞ்சினால் பத்து நிமிடம் (எனக்குத்தான் நாற்றம் தாங்காது). அதற்குள் சேற்றுக் கரையில் அது நாக்கை எத்தனை தரம் நீட்டியது என்று எண்ணிவிடுவாள். அது நாக்கால்தான் மணம் பிடிக்கிறது என்று நான் சொன்னதிலிருந்து தன் நாக்கையும் நீட்டிக்கொண்டு திரிகிறாள். அப்புறம், கொழும்பில் இயற்கைக்கு எங்கே போவது என்று அந்தக் கட்டுரையின் கீழே கேட்டிருந்தவருக்கு: 2018இல் ராம்சார் (ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கை) ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற ஊர் இது. பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கு ஒரு காலையில் போய்ப் பாருங்கள்.