எலிக்காக யார் படகு அனுப்புவார்கள்?

ஆஸ்திரேலியாவுக்கும் பாப்புவா நியூ கினிக்கும் நடுவே, டாரஸ் நீரிணையில் பிராம்பிள் கே என்று ஒரு மணல் திட்டு. அந்தப் பகுதித் தீவு மக்கள் வைத்திருக்கும் பெயர் மைசாப் கவுர். மொத்தமே நாலைந்து ஹெக்டேர். மேடான இடம்கூட கடல் மட்டத்துக்கு மேல் 3 மீட்டர்தான். ஒரு கலங்கரை விளக்கம், கடற்பறவைகள், முட்டையிட வரும் பச்சை ஆமைகள். அப்புறம், உலகில் வேறெங்கும் கண்டறியப்படாத ஓர் எலி: பிராம்பிள் கே மெலோமிஸ். செம்பழுப்பு நிறம், செதில் தடித்துச் சொரசொரத்த நீண்ட வால். நாம் கடைந்து சாப்பிடும் பருப்புக்கீரைதான் அதற்கும் முக்கியத் தீனி.

1845-இல் அங்கே இறங்கிய கப்பல்காரர்கள் பொழுதுபோக்காக வில்லெடுத்து எய்யும் அளவுக்கு எலிகள் இருந்திருக்கின்றன. 1978-இல் சில நூறு. 1998-இல் நூறுக்கும் குறைவு. 2009-இல் ஒரு மீனவர் கண்ணில் பட்டதோடு சரி.

கடல் திரும்பத் திரும்ப மேலேறி வந்தது; உப்புநீரில் செடிகள் கருகின. 2004-இல் 2.16 ஹெக்டேர் இருந்த பசுமை, 2014-இல் 0.065 ஹெக்டேர். நம் கணக்கில் சொன்னால், ஐந்தேகால் ஏக்கருக்கு மேல் இருந்தது பதினாறு சென்ட் ஆகிவிட்டது. தின்னவும் ஒளியவும் அந்தப் பதினாறு சென்ட்தான்.

மனிதர்களால் வந்த பருவநிலை மாற்றத்தால் அழிந்த முதல் பாலூட்டி என்று 2016-இல் செய்தி உலகம் சுற்றியது. அதில் பொய்யில்லை. ஆனால் அந்தத் தலைப்பு பலருக்கு வசதியாகப் போய்விட்டது என்பேன். கடல் மேல் பழி போட்டால் கோப்பு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்களே!

இந்த எலியைக் காப்பாற்ற 2008-இலேயே அரசுத் திட்டம் ஒன்று இருந்தது. கடல் மட்ட உயர்வும் புயலும் இந்தத் திட்டக் காலத்துக்குள் பெரிதாகப் பாதிக்க வாய்ப்பில்லை என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். சில ஜோடிகளைப் பிடித்து வந்து கூண்டில் பெருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கிளம்பிப் போனது 2014-இல். பொறிகளும் கேமராக்களும் வைத்தார்கள். ஒன்றுகூடச் சிக்கவில்லை.

கோலா கரடியாக இருந்திருந்தால் இவ்வளவு தாமதித்திருப்பார்களா? எலி என்றாலே முகம் சுளிக்கிறோம், அதற்காக யார் நிதி கேட்பது? 2019 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய அரசு அதை அழிந்த இனங்களின் பட்டியலுக்கு மாற்றியது. அந்த வேலைக்குப் படகு தேவைப்படவில்லை.