சட்டையின் கழுத்துப்பட்டியில் ஒரு பெயர்

2013 ஏப்ரல் 23. வங்கதேசத்தின் சாவர் நகரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் விரிசல் விழுந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் வந்து படம்பிடித்தார்கள். கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் அன்றே கதவடைத்தன. மேல்மாடித் தையல் ஆலைகளுக்கு மட்டும் மறுநாள் காலை தொழிலாளர்களை வரவழைத்தார்கள். கட்டடம் சரிந்ததில் 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஊடகங்களுக்குப் பயந்துதான் பன்னாட்டு நிறுவனங்கள் பொறுப்போடு நடக்கின்றன என்று யாராவது சொன்னால், எனக்கு அந்த விரிசல்தான் கண்முன் வரும். கேமரா முதல் நாளே அங்கே இருந்தது. ஆனால் அது காட்டியது வெறும் சுவர். சுவரில் எந்த பிராண்டின் பெயரும் இல்லை.

பெயர் வந்தது இடிபாடுகளிலிருந்துதான். இத்தாலிய ஆடை நிறுவனமான பெனட்டன் முதலில் தனக்குச் சம்பந்தமே இல்லை என்றது. அதன் லேபிள் தைத்த துணி இடிபாட்டில் கிடந்த படம் வெளியானதும் பேச்சு மாறியது. தொழிற்சங்கங்கள் அதுவரை கரடியாகக் கத்தியும் கிடைக்காத, சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் மூன்றே வாரங்களில் பெரிய நிறுவனங்கள் கையெழுத்திட ஆரம்பித்தன. அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன் அதே நாட்டில் தஸ்ரீன் ஆலைத் தீயில் 100க்கும் மேற்பட்டோர் கருகியபோதும் லேபிள்கள் கிடைக்காமல் இல்லை. செய்திதான் சீக்கிரம் ஆறிப்போனது.

நைக் கதையும் இதுதான். 1996இல் லைஃப் இதழில் பாகிஸ்தானியச் சிறுவன் ஒருவன் கால்பந்து தைக்கும் படம் வந்தது. பந்தில் நைக் சின்னம் பளிச்சென்று தெரிந்தது. படத்தின் மொத்த பலமும் அந்தச் சின்னத்தில்தான். 1998இல் நைக் தலைவர் ஃபில் நைட், தம் நிறுவனத்தின் பெயரே அடிமைக்கூலிக்கு மறுபெயராகிவிட்டது என்று பொதுமேடையில் ஒப்புக்கொண்டார். தனக்குப் பொருள் செய்துதரும் ஆலைகளின் பட்டியலை நைக் வெளியிட 2005 வரை ஆனது. தாமதம்தான், ஆனாலும் அது உண்மையான மாற்றம், மறுக்க மாட்டேன்.

என் ஆத்திரம் வேறு இடத்தில். கடை அலமாரியில் பெயர் தெரியும் நிறுவனம்தான் வெட்கப்படும். தாதுவையும் ரசாயனத்தையும் இன்னொரு ஆலைக்கு விற்பவனை எந்த வாடிக்கையாளர் புறக்கணிப்பார்? அவன் பெயர் நம் வீட்டுக்குள் வருவதே இல்லை. பெயருள்ளவர்களோ வெட்கத்தைவிடச் சுலபமான வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்: நற்பெயரைத் தாங்களே அச்சடிப்பது. பளபளப்பான ஆண்டறிக்கை, அட்டையில் சிரிக்கும் குழந்தை, உள்ளே நட்ட மரங்களின் கணக்கு. (எத்தனை பிழைத்தன என்ற கணக்கு நான் புரட்டிய அறிக்கைகளில் இல்லை.) அதே வாசகங்கள் மறுவாரம் நாளிதழில் செய்தியாக வரும். 2015 செப்டம்பரில், புகைச் சோதனையின்போது மட்டும் மாசைக் குறைத்துக் காட்டும் மென்பொருளைக் கார்களில் பொருத்திய ஃபோக்ஸ்வாகனின் டீசல் மோசடி வெளியானபோது, அந்த நிறுவனம், சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பில் நிறுவனங்களை மதிப்பிடும் டவ் ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீட்டில் வாகனத் துறையின் முதலிடத்தில் இருந்தது. மோசடி மென்பொருள் பொருத்திய கார்கள் உலகெங்கும் சுமார் 1.1 கோடி.

ராணா பிளாசா குடும்பங்களுக்கான இழப்பீட்டு நிதிக்கு இலக்கு 3 கோடி டாலர். கேமராக்கள் எப்போதோ கிளம்பிவிட்டிருந்தன. பணம் சொட்டுச் சொட்டாக வந்து, இலக்கை எட்ட 2015 ஜூன் ஆனது. கடைசிக் குறையை நிரப்பிய பெருந்தொகையைக் கொடுத்தவர் தம் பெயரை வெளியிடவில்லை.