தலைவர் பெண், செக் பவர் யார் கையில்?

தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் கிராம ஊராட்சிகள். 2016இல் ஊராட்சிகள் சட்டத்தைத் திருத்தி, மகளிர் ஒதுக்கீட்டை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதியாக உயர்த்தினார்கள். அந்தக் கணக்கில் 2019 டிசம்பரிலும் 2021 அக்டோபரிலும் தேர்தல் நடந்து, ஏறத்தாழ பாதி ஊர்களில் பெண்கள் தலைவர் ஆனார்கள். ஆனாலும் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் டீக்கடை முதல் டிவி விவாதம் வரை வரும் கேள்வி ஒன்றுதான்: "அந்தம்மா எங்க நடத்துறாங்க, வீட்டுக்காரர்தானே நடத்துறார்?"

பல ஊர்களில் அப்படித்தான் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வி முழுப் பழியையும் அந்தப் பெண் தலையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறது. தலைவரை நாற்காலியில் உட்கார வைக்கும் சட்டம் ஒன்று. அவர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு யார் கையெழுத்துப் போட வேண்டும், யார் கூட்டத்தில் இருக்கலாம், யாருக்கு நோட்டீஸ் போகும் என்பதையெல்லாம் முடிவு செய்யும் பிரிவுகளும் விதிகளும் வேறு. முதலாவதைத் திருத்தினோம். இரண்டாவதைத் தொடவே இல்லை. என் வாதம் இவ்வளவுதான், இதை விரிவாகச் சொல்கிறேன்.

செக் பவரிலிருந்து தொடங்குவோம். ஊராட்சிகள் சட்டம் 188ஆவது பிரிவின்படி ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைவரை ஊர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு மெம்பர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தப் பதவிக்கு இடஒதுக்கீடு கிடையாது. விளைவு என்ன? தலைவர் பதவி பெண்ணுக்கோ பட்டியல் சாதிப் பெண்ணுக்கோ ஒதுக்கப்பட்ட ஊரில், அதுவரை ஊரை ஆண்டவர் வார்டு மெம்பராக நின்று ஜெயித்துத் துணைத் தலைவர் ஆகிவிடுவார். தேர்தல் முடிந்த முதல் மாதமே செக் புத்தகம் அவர் வீட்டுக்குப் போய்த் திரும்ப வேண்டியிருக்கும்.

அவர் கையெழுத்துப் போட மறுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம் நிற்கும். தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் நிற்கும். மோட்டார் காயில் எரிந்துபோனால் சரிசெய்தவருக்குப் பணம் போகாது, அடுத்த முறை கூப்பிட்டால் அவர் வரமாட்டார். மூன்று நாள் தண்ணீர் வராவிட்டால் குடத்தோடு சாலையில் உட்காரும் பெண்கள் தலைவர் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். துணைத் தலைவர் பெயர் அங்கே வராது. "பொம்பளை தலைவரானா இப்படித்தான்" என்ற பேச்சு ஊரில் நிலைத்துவிடும். ஒரு கையெழுத்தைப் பிடித்து வைத்தே ஒரு தலைவரைத் தோற்கடிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

இருவரில் ஒருவர் இல்லாதபோது மன்றம் அதிகாரம் தந்த இன்னொரு உறுப்பினர் கையெழுத்திடலாம் என்று அதே பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் ஊரிலேயே இருந்துகொண்டு கையெழுத்துப் போட மறுப்பது "இல்லாமை" ஆகாதே. அதனால் விவகாரம் கலெக்டரிடம் போகும். அவர் 203ஆவது பிரிவின் அவசர அதிகாரத்தைப் பயன்படுத்தி செக் பவரை பிடிஓவுக்கு, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, மாற்றலாம். மாற்றியும் இருக்கிறார்கள். அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதோடு, துணைத் தலைவர் முரண்டு பிடித்ததற்குத் தண்டனையாகத் தலைவரின் அதிகாரமும் சேர்ந்தே அதிகாரி கைக்குப் போய்விடும்.

இதற்குத் தேவைப்படும் திருத்தம் நாலு வரிதான். செலவினப் பட்டியல் வைக்கப்பட்ட ஏழு நாளுக்குள் துணைத் தலைவர் கையெழுத்திட வேண்டும், அல்லது மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இரண்டும் இல்லையென்றால், மன்றத்தின் முதல் கூட்டத்திலேயே பெயர் குறிக்கப்பட்ட ஒரு பெண் வார்டு மெம்பர் கையெழுத்திடலாம். அந்த மாற்றுக் கையெழுத்துக்காரர் பெயர் வங்கியில் முன்பே பதிவாகியிருக்க வேண்டும். சம்பளம், மின் கட்டணம், குடிநீர் ஆகிய மூன்றுக்கும் காரணம் சொல்லி மறுக்கவே இடம் இருக்கக் கூடாது.

இப்போது எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டதே என்பார்கள். நிதிக்குழு மானியம் இ-கிராம் ஸ்வராஜ் என்ற ஒன்றிய அரசின் இணையதளம் வழியாகத்தான் செலவாகிறது, செக்குக்குப் பதில் டிஜிட்டல் கையொப்பம். பென்டிரைவ் மாதிரி ஒரு சின்ன டோக்கன், அதற்கொரு பாஸ்வேர்டு. அந்த டோக்கன் யார் மேசை டிராயரில் கிடக்கிறது, பாஸ்வேர்டு யார் டைரியில் எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பேனாவைப் பிடுங்கினால் நாலு பேருக்குத் தெரியும். டோக்கனைப் பிடுங்கினால் யாருக்கும் தெரியாது. பொறுப்பேற்கும் பெண்கள் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது: டோக்கனைக் கையொப்பமிட்டுத் தாங்களே வாங்குவது, ஓடிபி வரும் எண் தங்கள் சொந்த எண்தானா என்று பார்ப்பது, பாஸ்வேர்டை மாற்றுவது. ஊராட்சிச் செயலர் "நான் பாத்துக்கறேம்மா" என்று எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் சரி.

தீர்மானப் புத்தகமும் இதே கதைதான். கூட்டம் முடிந்ததும் உறுப்பினர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போடுவார்கள், தீர்மானம் பிறகு எழுதப்படும். நடுவில் அரைப் பக்கம் காலியாக இருக்கும். அந்த அரைப் பக்கத்தில் பின்னால் என்ன ஏறுகிறது என்று கூட்டத்தில் இருந்த யாருக்கும் தெரியாது. இரண்டு வருடம் கழித்து, அந்தச் செலவு செல்லாது என்று தணிக்கைத் தடை வரும்போது, வேலையை முடிவு செய்தவர் கணவராகவோ கான்ட்ராக்டராகவோ இருக்கலாம், பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லும் கடிதம் தலைவர் பெயருக்குத்தான் வரும். எழுதி முடித்து, கடைசி வரிக்குக் கீழே கோடு போட்ட பிறகே கையெழுத்து என்ற ஒரே ஒரு பழக்கம் பலரைக் காப்பாற்றும்.

அடுத்தது 205. கிராம ஊராட்சித் தலைவரை நீக்கக் கலெக்டருக்கு அதிகாரம் தரும் பிரிவு. முதலில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். விளக்கம் திருப்தியில்லை என்றால் தாசில்தார் வந்து மன்றத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைக் கேட்பார். பிறகு கலெக்டர் முடிவெடுப்பார். ஊழல் செய்யும் தலைவரை நீக்க வழி வேண்டும்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "205 போட்டுடுவோம்" என்பது பெண் தலைவர்களையும் பட்டியல் சாதித் தலைவர்களையும் மிரட்டும் சொல்லாகப் புழங்குகிறது. பலர் சறுக்குவது முதல் படியிலேயே. நோட்டீஸை வீட்டில் வேறு யாரோ வாங்கி வைத்துவிடுவார்கள், கெடு தாண்டிவிடும், "விளக்கம் தரவில்லை" என்று கோப்பில் ஏறிவிடும். நோட்டீஸ் தலைவர் கையிலேயே தரப்பட்டதற்கான ஒப்புகை இல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது என்றும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் உதவி கிடைக்கும் என்ற தகவல் அந்த நோட்டீஸிலேயே அச்சாகியிருக்க வேண்டும் என்றும் விதி வேண்டும். பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை ஏற்கெனவே இருக்கிறது, அதைச் சொல்வாரில்லை.

நீதிமன்றமும் இதைக் கவனித்திருக்கிறது. 2024 நவம்பரில் சத்தீஸ்கரில் நீக்கப்பட்ட ஓர் இளம் பெண் ஊராட்சித் தலைவரை உச்ச நீதிமன்றம் மீண்டும் பதவியில் அமர்த்தி, அதிகாரிகளின் நடத்தையைக் கடுமையாகக் கண்டித்து, அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் செலவுத்தொகை தர உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் வரை போக எத்தனை பேரால் முடியும்?

கணவர் நடத்தும் ஊராட்சிக்கு வருகிறேன். ஒன்றிய ஊராட்சி அமைச்சகம் அமைத்த குழு 2025இல் தந்த அறிக்கையில், பெண்ணுக்குப் பதில் ஆண் ஆட்சி செய்வது நிரூபணமானால் முன்மாதிரியான தண்டனை வேண்டும் என்று பரிந்துரைத்தது. நோக்கம் சரி. ஆனால் தண்டனை யாருக்கு என்பதில் கவனமாக இருக்க வேண்டும். பெண்ணின் பதவியைப் பறிப்பதுதான் தண்டனை என்றால், அதிகாரத்தைக் கணவரிடம் இழந்தவர் பதவியையும் இழப்பார். துணைத் தலைவர் கோஷ்டி அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். என் கருத்தில் தண்டனை அதிகாரிக்கு வேண்டும். யூனியன் ஆபீஸில் நடக்கும் ஆய்வுக் கூட்டத்துக்குத் தலைவருக்குப் பதில் கணவர் வந்தால் நாற்காலி போட்டு உட்கார வைப்பது அதிகாரிதானே? வருகைப் பதிவேட்டில் தலைவர் வராமலே கையெழுத்து விழுந்தால், கூட்டத்தை நடத்திய அலுவலர் மீது ஒழுங்கு நடவடிக்கை என்று ஓர் அரசாணை போட்டுப் பாருங்கள். ஆறே மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

"படித்த பெண்களை மட்டும் நிற்க விட்டால் சரியாகிவிடும்" என்பவர்களுக்கும் ஒன்று. ராஜஸ்தானில் கல்வித் தகுதி கொண்டுவந்து பார்த்து, 2019இல் அதை நீக்கிவிட்டார்கள். பள்ளியிலிருந்து பாதியில் நிறுத்தப்பட்டவர்களில் அதிகம் பேர் ஏழைப் பெண்கள், பட்டியல் சாதிப் பெண்கள். படிக்க விடாததற்கு ஒரு தண்டனை, படிக்காததற்கு இன்னொரு தண்டனையா? 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதிப் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்திய படம் வெளியானது. மற்றவர்கள் நாற்காலியில். அவருடைய படிப்பு குறைந்ததாலா அது நடந்தது?

காலக்கெடுவும் சட்டப் பிரச்சினைதான். உள்ளாட்சியின் ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243இ. இங்கே 2016 அக்டோபரில் முடிந்த காலத்துக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல். 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு 28 மாவட்டங்களில் மறுபடியும் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் அரசு நியமிக்கும் தனி அலுவலர்களிடம் போனது. தனி அலுவலர் காலத்தில் ஐம்பது சதவீதம் என்பதற்குப் பொருளே இல்லை. தேர்தல் வரும்போதோ திடுதிப்பென்று வரும். 2019இல் டிசம்பர் 9 முதல் 16 வரை மட்டுமே வேட்புமனு. வழிவழியாக அரசியல் செய்யும் குடும்பத்துக்கு அந்த எட்டு நாள் போதும். முதல்முறை நிற்க நினைக்கும் சுயஉதவிக் குழுப் பெண்ணுக்கு வீட்டில் சம்மதம் வாங்கவே போதாது. எந்த ஊராட்சி யாருக்கு ஒதுக்கீடு என்ற பட்டியல் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே அறிவிக்கப்பட வேண்டும்.

பயிற்சியும் தேர்தலுக்கு முன்னால் வேண்டும். மறைமலைநகர் ஊரக வளர்ச்சி நிறுவனத்திலும் பவானிசாகர், பட்டுக்கோட்டை போன்ற மண்டல மையங்களிலும் ஜெயித்தவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். ஜெயிக்கும் முன் யார் தருவது? கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து ஆயிரக்கணக்கில் பெண்கள் உள்ளாட்சிக்குப் போகிறார்கள். நம் சுயஉதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளிலும் கணக்கு எழுதி, வங்கிக் கடன் வாங்கி, வசூல் செய்து பழகிய பெண்கள் இருக்கிறார்கள். ஊராட்சி நடத்த வேண்டிய வேலையில் பாதி அவர்களுக்கு இப்போதே தெரியும்.

நிற்க நினைப்பவர்கள் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் இப்போதே பார்த்து வைக்க வேண்டியவை சில. வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் எந்த ஊரில் இருக்கிறது? கல்யாணமாகி வந்த பல பெண்களின் பெயர் இன்னும் பிறந்த ஊர்ப் பட்டியலில் கிடக்கிறது, வேட்புமனு அங்கேயே அடிபடும். முன்மொழிபவரின் பெயரும் வரிசை எண்ணும் பட்டியலில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஒதுக்கீட்டு இடம் என்றால் சாதிச் சான்று வேண்டும், அது பிறப்பால் வருவது, கணவரின் சாதி செல்லாது. ஊராட்சிக்குக் கட்ட வேண்டிய வரி, தண்ணீர் கட்டணம் பாக்கி இருந்தால் கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வயது 21 ஆகியிருக்க வேண்டும். 2019இல் தலைவர் பதவிக்கு டெபாசிட் 600 ரூபாய், பட்டியல் சாதியினருக்கு 300. செலவு உச்சவரம்பு 34,000. முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும், தோற்றவர்களும்தான். தோற்ற பெண்களிடம் இதை யாரும் சொல்வதில்லை. கணக்குத் தராதவர்களை மாநிலத் தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டு தகுதிநீக்கம் செய்யலாம், அடுத்த இடைத்தேர்தலில் மனு போடப் போகும்போதுதான் அது தெரியவரும். முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள், நோட்டீஸ் அடித்த பில்லிலிருந்து ஆட்டோ வாடகை வரை.