குள்ளர் வீட்டைக் கட்டியவர்கள்

கொடைக்கானல் மலைப்பக்கத்துத் தாண்டிக்குடியில் எங்கள் காபித் தோட்டத்து ஓரமாக ஒரு கல்திட்டை இருக்கிறது. பலகைக்கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல். ‘குள்ளர் வீடு’ என்பார் பாட்டி. போன வாரம் அக்கா மகன் ஒரு வீடியோ அனுப்பினான். “மாமா, இதெல்லாம் வேற்றுக்கிரகவாசிகள் கட்டினதாம். நம்ம ரிஷிகள் எழுதின விமான சாஸ்திரமே ஆதாரமாம்.”

அவன் கேட்டது நல்ல கேள்வி. அதனால் பொறுமையாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த நூல். வைமானிக சாஸ்திரம் பரத்வாஜ முனிவர் அருளியது என்பார்கள். ஆனால் 1918 முதல் 1923 வரை சுப்பராய சாஸ்திரி என்பவர் சொல்லச் சொல்ல எழுதியெடுத்தது அது. 1974-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் ஐந்து பேர் அதை ஆராய்ந்தார்கள். கட்டுக்கதை என்று படிக்காமலே ஒதுக்கவில்லை. நூல் எப்படி வந்தது என்று விசாரித்தார்கள், அதன் சமஸ்கிருத நடையைப் பார்த்தார்கள், படத்தில் இருந்த விமானங்களைப் பொறியியல் கணக்கில் போட்டுப் பார்த்தார்கள். 1904-க்கு முந்தைய நூல் இல்லை, அந்த விமானங்கள் பறக்கவும் பறக்காது என்று எழுதினார்கள்.

நம் பக்கமும் இது உண்டு. புறநானூறு 27-ல் வரும் ‘வலவன் ஏவா வான ஊர்தி’யை ட்ரோன் என்கிறார்கள். நல்வினை செய்து புகழ் பெற்றவர்கள் விண்ணுலகு போகும் ஊர்தி அது. ஓட்டுபவன் இல்லாத ஊர்தியை அன்றைக்கே ஒரு புலவர் மனத்தில் கண்டாரே, எனக்கு அதுவே பெரிய வியப்பு. அதை இயந்திரமாக்கினால் பாட்டுக்குப் பெருமை கூடுவதில்லை.

சரி, வானத்தில் விசித்திரமாக எதையோ பார்த்தவர்கள்? நானே பார்த்தேன். ஒரு ராத்திரி, களத்து மேட்டுக்கு மேலே வரிசையாக விளக்குகள் சத்தமில்லாமல் நகர்ந்து போயின. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. நான் பார்த்தது பொய்யில்லை. ஆனால் வெளிச்சத்தைப் பார்த்ததற்குத்தான் என் கண் சாட்சி, அதை அனுப்பியது யார் என்பதற்கு இல்லை. வானத்தில் தெரியும் இப்படிப்பட்ட புதிர்களை ஆராய நாசா அமைத்த குழுவும் 2023-ல், அவை வேற்றுக்கிரகத்திலிருந்து வந்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை, நல்ல தரவுகளே குறைவு என்றுதான் சொன்னது.

இதே மலையில் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறது. 1909-ல் அங்கேதான், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் என்ற வானியலாளர் கண்டுபிடித்தார். உலகம் ஏன் நம்பியது? வேறு ஊரில் இருப்பவரும் தன் கருவியைத் திருப்பி அதே சூரியனைச் சரிபார்க்க முடிந்தது. அக்கா மகனுக்கு வந்த வீடியோவில் அப்படிச் சரிபார்க்க எதுவுமே இல்லை.

நம் கல்திட்டைகள் பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள். இந்த வகைச் சின்னங்களைத் தோண்டிய இடங்களில் கருப்பு சிவப்புப் பானைகளும், இரும்புக் கருவிகளும், மனித எலும்புகளும் கிடைத்திருக்கின்றன. செத்துப்போன தன் மனிதருக்காக அவ்வளவு பெரிய கல்லைச் சாய்வில் இழுத்து ஏற்றியிருக்கிறார்கள். அந்தத் தோள்களின் உழைப்பை எங்கிருந்தோ வந்தவர்களுக்கு எழுதிக் கொடுப்பது எனக்கு வலிக்கிறது. வீடியோ பார்த்துவிட்டு வந்த யாரோ எங்கள் திட்டையின் பக்கக்கல் ஒன்றை நெம்பிச் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மாப்ளே, பொங்கலுக்கு வரும்போது அளக்கிற டேப் ஒன்று எடுத்து வா. மூடுகல்லை இரண்டு பேருமாக அளந்து, கனம் எவ்வளவு, தூக்க எத்தனை ஆள் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.